குப்பையில் கிடந்த குரல்

ஒரு டாலர்! ஒரே ஒரு டாலர்!

1976ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், நாஷ்வில் நகரத்துப் பழம்பொருள் சந்தை ஒன்றிலே, பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய இசைத்தட்டு ஒன்றை அந்த விலைக்கு வாங்கினார். வாங்கியவர் வீட்டிலே வைத்துக்கொண்டார். ஆண்டுகள் 24 உருண்டன. 2000த்திலேதான் செய்தி வெளியே வந்தது: ஆய்வாளர்கள் பல்லாண்டு தேடி, அழிந்தே போயிற்று என்று கைவிட்ட தட்டு அது, அன்றைக்கு உலகம் அறிந்த ஒரே படி அது!

நாமும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர். எனவே இந்தச் செய்தியைப் படித்ததும் நம் நெஞ்சிலே முதலில் எழுந்தது, மறைக்காமல் சொல்கிறோம், பொறாமை! பொறாமை தணிந்த பிறகே கேள்வி எழுந்தது. அந்தத் தட்டிலே பாடியவர் யார்? அவர் பாட்டு ஏன் சந்தைக் கடைக்கு வந்தது? அதற்கு அவர் பெற்றது என்ன?

பாடியவர் ஜோ ரெனால்ட்ஸ். தட்டிலே அச்சிட்ட பெயர் 'குருட்டு ஜோ ரெனால்ட்ஸ்'. பிறவியிலே பார்வை அற்றவர் அல்லர். துப்பாக்கிச் சூடு முகத்திலே பட்டுக் கண்களை இழந்த கறுப்பினத் தெருப்பாடகர். (குருட்டு லெமன், குருட்டு பிளேக், குருட்டு வில்லி என்று அந்நாளைய தட்டுகளிலே வரிசை வரிசையாகக் காணலாம். கண்ணின்மையையும் விற்பனைச் சரக்காக்கிய கெட்டிக்காரக் கம்பெனிகள் அவை!) 1929 நவம்பரிலே, விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் என்னும் சிற்றூரிலே அவர் நான்கு பாட்டுகள் பாடினார். அவை இரண்டு தட்டுகளாயின. அவற்றுள் ஒன்றில் இருந்த பாட்டை, 1967இல் 'கிரீம்' என்ற ஆங்கிலேய இசைக்குழு தன் நெடுந்தட்டிலே எடுத்துப் பாடிற்று. அது இலட்சக்கணக்கில் விற்றது. அது வெளிவந்த சில திங்களிலே, 1968 மார்ச்சில், லூசியானா மாநிலத்திலே ரெனால்ட்ஸ் இறந்தார். மற்றொரு தட்டுதான் நாஷ்வில் சந்தையிலே ஒரு டாலருக்குக் கிடந்தது.

இத்தகைய சந்தைக்கு மேனாட்டார் வைத்த பெயர் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்பது. பிரெஞ்சுக்காரர் தொடங்கி வைத்த பெயர் அது. பழந்துணியிலும் பழம் மெத்தையிலும் தெள்ளுப்பூச்சி குடியிருக்கும் அன்றோ! சீமான்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிச் சென்ற அந்த இடத்திலேதான், தோழர்களே, ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றில் பெரும்பகுதி கிடந்தது.

வகுப்பறையிலே நாம் நடத்தும் வரலாறு எத்தகையது? எந்த மன்னன் எந்த ஆண்டிலே முடிசூடினான், எந்தக் கோட்டையை எவன் இடித்தான் என்பது. மன்னன் வாய்மொழி கல்லிலும் செம்பிலும் ஏறிற்று. பருத்திக் காட்டிலே குனிந்து நின்றவன் மாலையிலே நிமிர்ந்து என்ன பாடினான் என்பதைக் கல்லிலே எழுத யார் வந்தார்? அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அப்படி ஒரு கல் வாய்த்தது. அது கல் அன்று, அரக்கு. அதுவும் அருளாலே வாய்த்ததன்று, வணிகத்தாலே வாய்த்தது.

அந்த வணிகக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1920 ஆகஸ்டு 10ஆம் நாள் நியூயார்க் நகரிலே மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி 'ஓகே' கம்பெனிக்காக 'கிரேசி புளூஸ்' என்ற பாட்டைப் பாடினார். கறுப்பர் பாட்டைக் கறுப்பினப் பெண்ணே பாடி வெளியிட்டால் வாங்குவார் யார் என்று ஐயுற்றிருந்த வணிகர்கள், அந்தத் தட்டு விற்ற விற்பனையைக் கண்டு வாய் பிளந்தார்கள். வாங்க ஆள் உண்டு. அவர்களிடம் காசும் உண்டு! உடனே கம்பெனிக்குக் கம்பெனி தனிப்பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலுக்கு இட்ட பெயர் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள். பேருந்திலே தனி இருக்கை, பள்ளியிலே தனிக் கட்டடம், குடிநீருக்குத் தனிக் குழாய் என்று வைத்திருந்த நாடு, பாட்டுக்கும் தனிப் பட்டியல் வைத்தது.

ஒரு தட்டின் விலை 75 சென்ட். காட்டு வேலை செய்து வாழ்ந்த குடும்பத்துக்கு அது சிறு தொகை அன்று. இருந்தும் வாங்கினார்கள். சிகாகோவிலிருந்து வெளிவந்த 'டிஃபெண்டர்' என்ற கறுப்பின மக்களின் ஏட்டிலே விளம்பரம் பார்த்து அஞ்சலிலே வரவழைத்தார்கள். தொடர்வண்டியின் படுக்கைப் பெட்டிகளிலே பணிசெய்த கறுப்பினத் தோழர்கள், வடக்கே வாங்கிய தட்டுகளைத் தெற்கே கொண்டுபோய் விற்றார்கள். தட்டு விற்ற கடைகள் பல நாற்காலி மேசை விற்ற கடைகளே.

இதிலே ஒரு வேடிக்கை. கிராஃப்டனிலே ரெனால்ட்சைப் பாட வைத்த 'பாரமவுண்ட்' இசைத்தட்டுக் கம்பெனிக்கு உடைமைக்காரர் யார் தெரியுமா? விஸ்கான்சின் நாற்காலிக் கம்பெனி! மரச்சாமான் செய்தவர்கள் கிராமபோன் பெட்டி செய்தார்கள். பெட்டி வாங்கியவனுக்குத் தட்டு வேண்டுமே என்று தட்டும் செய்தார்கள். இசையின்மீது காதல் கொண்டு இறங்கியவர்கள் அல்லர். மட்டமான அரக்குக் கலவை. ஊசி வைத்ததும் புதுத் தட்டிலேயே எண்ணெயில் கடுகு தாளித்தாற்போல் பொரிந்தது. அந்த நாற்காலிக் கம்பெனிதான், 1922 முதல் 1932 வரை வெளிவந்த கறுப்பின மக்களின் தட்டுகளுள் ஏறக்குறைய நான்கில் ஒன்றை வெளியிட்டது என மதிப்பிடுகிறார்கள். சார்லி பேட்டன், மா ரெய்னி, ஸ்கிப் ஜேம்ஸ், சன் ஹவுஸ் ஆகியோரெல்லாம் அந்தப் பெட்டிக் கடைக்குப் பாடியவர்களே.

பாடியவருக்குக் கிடைத்தது? ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு முறைக் கூலி. பெருங்கம்பெனியிலே பாடியவர் நிலையும் அதுவே. 'புளூஸ் பேரரசி' என்று போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1923இல் 'கொலம்பியா' கம்பெனிக்குப் பாடிய முதல் தட்டு ஏழரை இலட்சத்துக்கு மேல் விற்றது என்பர். அவருக்கு உரிமைப் பங்கு கிடையாது. பாட்டுக்குக் கூலி, அவ்வளவே. 1937இல் விபத்திலே மாண்ட அந்தப் பேரரசியின் கல்லறைமீது பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 1970இல்! அதற்குப் பணம் தந்தோர் இருவர்: ஜானிஸ் ஜாப்லின் என்ற வெள்ளையினப் பாடகி, சிறுமியாய் இருந்தபோது பெஸ்ஸியின் வீட்டிலே வேலை செய்த ஹுவானிட்டா கிரீன் என்ற கறுப்பினப் பெண்மணி.

இனி, தட்டு ஏன் அரிதாயிற்று என்பதைக் காண்போம். அரிது என்றவுடனே, பழமையால் அரிது என்று நினைப்போம். அன்று! பெஸ்ஸி ஸ்மித்தின் பழந்தட்டுகள் பல, சந்தையிலே எளிதாகவே கிடைத்தவை. அரிதானவை பசிக்காலத்துத் தட்டுகள். 1927இல் அமெரிக்காவிலே 10 கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டு, பொருளாதார வீழ்ச்சியால் 1932இல் 60 இலட்சம் அளவிற்கு விழுந்தது. சோற்றுக்கே இல்லாதவன் பாட்டுக்கா செலவிடுவான்? 1930இலும் 1931இலும் பாரமவுண்ட் வெளியிட்ட தட்டுகளுள் சில, நூற்றுக்கணக்கில்தான் அடிக்கப்பட்டிருக்கும் என ஆய்வாளர் கருதுகிறார்கள். 1932இல் பாட்டுப் பதிவு நின்றது. சில ஆண்டுகளிலே கம்பெனியே மூடிற்று. உலோக அச்சுகள் பழைய இரும்புக்கடைச் சரக்காயின. வேலையிழந்த தொழிலாளர் தட்டுகளை ஆற்றிலே வீசி விளையாடினார்கள் என்று ஊரிலே ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் ஆற்றிலே ஆளை மூழ்கவிட்டுத் தேடியும் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

எஞ்சியதற்குப் போர் வந்து உலை வைத்தது. இங்கேதான் நம் நாட்டுத் தொடர்பும் வருகிறது. வினைலால் ஆன நெடுந்தட்டு 1948இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுதான்; அதன் உயிர்ப்பொருள் அவலரக்கு. கற்பொடியும் கரியும் கலந்த கலவையைப் பிணைத்து நிறுத்துவது அதுவே. அந்த அரக்கு எங்கிருந்து போயிற்று? சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து! முருக்கமரத்திலும் இலந்தையிலும் அரக்குப்பூச்சி கட்டிய கூட்டைப் பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்தார்கள். கல்கத்தா வழியாக அது கடல் கடந்தது. மிசிசிப்பிப் பருத்திக்காட்டுப் பாட்டு, நம் காட்டு அரக்கின்மீது எழுதப்பட்டது! பாடியவனும் பட்டினி, அரக்கைச் சுரண்டியவனும் பட்டினி.

ஜப்பான் போரிலே இறங்கியதும் கடல்வழி ஆபத்தாயிற்று. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு, தட்டுக்குப் பயன்படும் அரக்கை நூற்றுக்கு 70 குறைத்தது. புதுத் தட்டுக்கு வழி? பழந்தட்டைப் பொடித்துச் சேர்! வீடு வீடாகப் பழந்தட்டுகளைத் திரட்டினார்கள். அப்படி அரைபட்ட குவியலிலே எந்தப் பாட்டெல்லாம் போயிற்றோ!

நூலகம் காக்கவில்லை, பல்கலைக்கழகம் பொருட்படுத்தவில்லை, வெளியிட்ட கம்பெனியே வைத்துக்கொள்ளவில்லை. பின் யார் காத்தார்? வறிய வீட்டு மூதாட்டிகள்! பரணிலும் பெட்டியிலும் கட்டிலுக்கு அடியிலும், ஓட்டத்திலே குப்பைக்கூடையிலும் தங்கிய தட்டுகளே தங்கின.

தேடிப் போனவர்கள் பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்கள். நியூயார்க்கிலே ஒரு பொது விடுதியின் சிற்றறையில் வாழ்ந்த ஜேம்ஸ் மெக்கூன், 1940களிலேயே சார்லி பேட்டனின் தட்டைத் தேடி எடுத்து, கேட்போர்க்கெல்லாம் அதன் பெருமையைச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டிதான் அவருடைய கருவூலம். மிசிசிப்பியிலே கேய்ல் டீன் வார்ட்லோ என்ற இளைஞர் 1960களிலே கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் கதவு கதவாகத் தட்டினார். அவர் கண்ட நுட்பம் சுவையானது: வீட்டுத் திண்ணையிலே பூந்தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பாராம். பூந்தொட்டி இருந்தால் உள்ளே மூதாட்டி ஒருவர், பல்லாண்டாக இடம் பெயராமல், இருப்பார். இடம் பெயராத வீட்டிலேதான் பழந்தட்டு உடையாமல் இருக்கும். நில ஆராய்ச்சி செய்பவர் மண்ணின் நிறம் பார்ப்பதுபோல இவர் பூந்தொட்டி பார்த்தார்!

மேரிலாந்தைச் சேர்ந்த ஜோ பஸ்ஸார்ட் (2022இல் மறைந்தார்) சொன்ன கதை இன்னொன்று. 1966இல் வர்ஜீனியா மாநிலத்து டாஸ்வெல் என்ற ஊரிலே பழம்பொருள் சந்தைக்கு வழி கேட்டாராம் ஒரு முதியவரிடம். முதியவர், தம் வீட்டிலும் தட்டுகள் உண்டு என்று அழைத்துப் போனார். தூசுபடிந்த பெட்டியிலே 'பிளாக் பாட்டி' என்ற முத்திரை கொண்ட தட்டுகள் ஒரு கட்டு! 1927இல் மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பட்டதாரி தொடங்கி, சில திங்களிலே நொடித்துப்போன நிறுவனம் அது. அத்தனையும் பத்து டாலருக்குக் கைமாறின. அவற்றுள் ஒன்றுக்கு வேறு படி இருப்பதாக நெடுங்காலம் யாரும் கேள்விப்படவில்லை.

பஸ்ஸார்ட் திருடினாரா? இல்லை, கேட்ட விலையைக் கொடுத்தார். தட்டு பிழைத்தது, ஒலிநாடாவில் பதிந்து கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார், நன்றிக்கு உரியவரே. ஆயினும், விற்றவருக்குப் பொருளின் மதிப்புத் தெரியாது, வாங்கியவருக்குத் தெரியும் என்ற நிலையிலே நடந்த வாணிகம் இது. தேடியோரைப் பற்றிய நூல்களிலே இந்தக் காட்சி எப்போதும் வீரச்செயலாகவே வரும். கதவைத் திறந்த முதியவரின் பெயர் மட்டும் வராது.

தேட்டத்தின் பயன் சில வேளை மனிதரையே மீட்டது. அதையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மை தவறியவராவோம். ஹாரி ஸ்மித் என்பவர் தாம் சேர்த்த பழந்தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து 1952இல் 'ஃபோக்வேஸ்' வாயிலாக நெடுந்தட்டுகளாக வெளியிட்டார். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை அவர் வேண்டுமென்றே குறிக்கவில்லை! தனிப் பட்டியல் போட்ட நாட்டிலே அது ஒரு புரட்சி. அந்தத் தொகுப்பிலே மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் பாட்டும் இருந்தது. 1928இல் பாடியவர், பிறகு உலகம் மறந்துவிட்டது. அவர் பாடிய மற்றொரு தட்டிலே 'அவலான்' என்று தம் ஊரைச் சொல்லியிருந்தார். அந்நாளைய நிலப்படத்திலே அந்த ஊர் இல்லை. 1878ஆம் ஆண்டின் பழைய நிலப்படத்திலே இருந்தது! 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அங்கே போனார். எழுபதை எட்டிய முதியவர் இருந்தார், மாடு மேய்த்துக்கொண்டு.

பாட்டைத் தேடி வந்த வெள்ளை இளைஞனைக் கண்டதும் அவருக்கு வந்தது மகிழ்ச்சி அன்று, அச்சம்! போலீசாரோ, மத்திய அரசின் துப்பறிவோரோ என்று கலங்கினார் என்பது அவரே சொன்ன செய்தி. ஏன் கலங்கமாட்டார்? அதே வட்டாரத்திலேதான், 1955இல், எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்தான் என்று சொல்லி அடித்துக் கொன்றார்கள்; கொன்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. 35 ஆண்டு கழித்து ஒருவன் வந்து கதவைத் தட்டினால், அது புகழ் தட்டிய கதவு என்று அந்த மண்ணிலே எப்படி நம்புவது? ஹர்ட் பின்னர் பல்லாயிரவர் முன்னே பாடினார், மூன்றாண்டுகளே, 1966இல் மறைந்தார்.

இப்போது விலையைப் பார்ப்போம். டாமி ஜான்சன் 1956இல் மிசிசிப்பியிலே மறைந்தவர். அவர் பாடிய பாரமவுண்ட் 12950ஆம் எண் தட்டு 2013இல் ஏலத்திலே 37,100 டாலருக்குப் போயிற்று. 75 சென்ட் தட்டு! மலிவுச் சாராயம் கிடைக்காதபோது குடிக்கத் தகாததைக் குடித்த அவலத்தைப் பாடியவர் அவர். பாடியது தம் வாழ்வை. ஏலம் எடுத்தவரை நாம் குறை கூறவில்லை. விலை ஏறியதால்தான் பலர் பரணைத் திறந்து பார்த்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் 37,100இல் ஒரு சென்ட்டும் பாடியவன் கிளைக்குப் போகும் வழியில்லை. தட்டை விற்றவன் தட்டைத்தான் விற்றான், பாட்டை அன்று என்பது சட்டம்.

விலையினும் நம்மை வருத்துவது பெயர். 1930இல் கிராஃப்டனிலே இரு பெண்கள் பாடினார்கள். தட்டிலே அச்சான பெயர்கள் கீச்சி வைலி, எல்வி தாமஸ். கிடைத்த படிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கேட்டவர்கள் உருகினார்கள்; யார் இவர்கள் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் குழம்பினார்கள். 'எல்வி' என்று எவரும் இல்லை. அவர் பெயர் எல். வி. தாமஸ்; இரண்டு எழுத்துகள்; அதைக் கேட்டு எழுதிய எவனோ ஒரு பெண் பெயராக்கிவிட்டான்! ஹூஸ்டன் நகரிலே வாழ்ந்த அவரை 1961இலேயே மாக் மெக்கார்மிக் என்ற ஆய்வாளர் கண்டு பேசியிருந்தார். பேசியதைத் தம் பெட்டியிலே பூட்டி வைத்திருந்தார். தாமஸ் 1979இல் இறந்தார். பூட்டிய ஏடு 2014இலேதான் ஜான் ஜெரமையா சல்லிவன் எழுதிய கட்டுரை வாயிலாக உலகுக்குத் தெரிந்தது. சந்தைக்குப்பையிலே பாட்டு மறைந்ததை மன்னிக்கலாம். அறிஞர் பெட்டியிலே பெயர் மறைந்ததை எப்படிப் பொறுப்பது?

தேட்டம் முடிந்துவிடவில்லை. 1930இல் பேட்டனுடனும் சன் ஹவுசுடனும் கிராஃப்டனுக்குப் போனவர் வில்லி பிரவுன். ராபர்ட் ஜான்சன் 1936இல் பாடிய பாட்டொன்றிலே தம் நண்பன் என்று பெயர் சொல்லி அழைத்த அதே பிரவுன். 1952இல் மறைந்தார். அவர் பாடிய ஒரே ஒரு தட்டுதான் கிடைத்திருக்கிறது. பாரமவுண்ட் பட்டியலிலே 13001, 13099 என்ற எண்களில் அவருடைய வேறு இரண்டு தட்டுகள் இருக்கின்றன: எண் இருக்கிறது, பாட்டின் தலைப்பு இருக்கிறது. தட்டு இல்லை. பெருந்தொகை தருவதாக அறிவித்தும் இதை எழுதும் நாள்வரை ஒரு படியும் வெளிவந்ததாகச் செய்தி இல்லை.